பதினோராவது இலை

இன்டர்ன்ஷிப்புக்கு வருகிற பிள்ளைகள் முதல் நாள் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டுதான் வருவார்கள். கீரிப்பாறைக்குப் போகிற பஸ்ஸிலிருந்து இறங்கி, எங்கள் தோட்டத்து வாசலில் கிடக்கும் செம்மண் சகதியைப் பார்த்ததும் அவர்கள் முகம் போகிற போக்கை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துவருகிறேன். அன்று முழுக்க ஷூவைப் பற்றித்தான் கவலை. செடி எதுவும் கண்ணில் படாது. மூன்று மாதம் கழித்து சர்ட்டிபிகேட் வாங்கும்போது மட்டும், இந்தத் தோட்டமே தங்களால்தான் தழைத்தது என்பதுபோல் போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

இன்ஸ்பெக்டர் சார், சுருக்கமாக எழுதச் சொன்னீர்கள். சுருக்கமாக எழுதினால் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள். நந்தனா ஜெயிலுக்குப் போய் இன்று பத்தொன்பதாவது நாள் என்பது எனக்குத் தெரியும். நான் எழுதப்போவதை வைத்துத்தான் அவள் வெளியே வருவதும் வராததும் என்று நீங்கள் சொன்னதும் நினைவிருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

என் பெயர் ஜெபகனி. வயது ஐம்பத்து மூன்று. பி.எஸ்ஸி. தாவரவியல். ஓர் அறக்கட்டளை நடத்துகிற மூலிகைத் தோட்டத்தில் மேற்பார்வையாளர். அங்கே நானூற்றுப் பன்னிரண்டு பெயர்ப்பலகைகள் இருக்கின்றன. செடி எது என்று பார்த்து முடிவு செய்வதும் நான், தகரத்தில் பெயிண்ட் அடித்து எழுதுவதும் நான். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. மாணவர்களுக்குக் காட்டுவதற்காக வளர்க்கும் நச்சுச் செடிகளுக்கு மட்டும் சிவப்புப் பலகை. பருவ வேலைக்கு வருகிற ஆட்கள் என்னை டீச்சர் என்று கூப்பிடுவார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் நான் டீச்சராக இருந்ததில்லை. ஆனாலும் நான் அதைத் திருத்தியதில்லை.

நந்தனா வைகாசிக் கடைசியில் வந்தாள். எம்.எஸ்ஸி. முடித்தவள். அப்பாவுக்குக் கோட்டாற்றில் பலசரக்குக் கடை. வெளிநாட்டில் ஒரு பெரிய தாவரத் தோட்டத்தில் அவளுக்கு ஒரு வருடப் பயிற்சி கிடைத்திருந்தது. ஆவணியில் போக வேண்டும், அதற்கு என் சர்ட்டிபிகேட் வேண்டும். அவளும் வெள்ளை ஷூவோடுதான் வந்தாள். மூன்றாம் நாளே அதைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு ரப்பர் செருப்போடு களை பறிக்க உட்கார்ந்துவிட்டாள். வேலையாட்களுக்குப் பழம்பொரி வாங்கி வருவாள். சொன்ன வேலையைச் செய்வாள், சொல்லாததையும் செய்வாள். அவள்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரு மனுஷியோடு நாளெல்லாம் வேலை செய்யும்போது அது எவ்வளவு பெரிய தொல்லை என்று உங்களுக்குத் தெரியாது.

இரண்டாவது வாரம் ஒரு கல்லூரியிலிருந்து பேராசிரியர்கள் நான்கு பேர் வந்தார்கள். அறக்கட்டளைச் செயலாளர் ததேயுஸ் சாரும் கூடவே நடந்தார். தெற்கு வரப்பில் ஒரு செடிக்கு முன்னால் நந்தனா நின்றுவிட்டாள்.

“சார், இது போர்டுல எழுதியிருக்க செடி இல்லன்னு தோணுது. இலைக்க அடியில பாருங்க, ரோமமே இல்ல. இது அதுக்க சாதியில வேற ஒண்ணாக்கும்.”

பேராசிரியர்கள் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் தலையை ஆட்டினார். ததேயுஸ் சார் என் பக்கம் திரும்பி, “பிள்ளை சொல்லது சரிதான் ஜெபகனி. அந்த போர்ட மாத்தி எழுதிருங்க” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். களை பறித்துக்கொண்டிருந்த தங்கையன், வருடா வருடம் மூன்று மாதக் கூலிக்கு வருகிறவன், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். முளைத்து மூன்று இலை விடாத ஒரு பெண் சொன்னதற்கு நான் பெயிண்ட் டப்பாவோடு போய் உட்கார வேண்டியதாயிற்று.

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் நான் தனியாக லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். தவறாக இருந்திருந்தால் நான் அவளை மன்னித்திருப்பேன். அந்தப் பலகை அங்கே ஒன்பது வருடமாக நின்றது, உண்மைதான். ஆனால் அதை என் பிழை என்று சொல்ல முடியாது. கன்றைக் கொண்டுவந்து தந்த நர்சரிக்காரர் அந்தப் பெயரைத்தான் சொன்னார், நான் எழுதினேன்.

மறுநாள் காலையில் நந்தனா என் அறைக்கு வந்தாள். “மேடம், எல்லாருக்க முன்ன வச்சு நான் அப்பிடிச் சொல்லியிருக்கப்பிடாது. இனி எதுன்னாலும் ஒங்ககிட்ட தனியா கேட்டுட்டுதான் செய்வேன்” என்றாள். கண் கலங்கியிருந்தது. பரவாயில்லை மக்கா என்றேன். மன்னிப்புக் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. தங்கள் பாரத்தை இறக்கி நம் தலையில் வைத்துவிட்டு, சுகமாகப் போய்க் காலைச் சாப்பாடு சாப்பிடுவார்கள்.

ஆடி பிறந்தால் எங்கள் பக்கத்து வீடுகளில் மருந்துக்கஞ்சி காய்ச்சுவார்கள். மேற்கே போகப் போக இன்னும் அதிகம். தோட்டத்தில் அந்த மாதம் கஞ்சியில் சேர்க்கிற பத்து வகைப் பச்சிலையைக் கட்டாகக் கட்டி, வருகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுப்போம். பிள்ளை பெற்று மூன்று மாதம் ஆகாத பெண்களுக்குத் தனிக் கட்டு உண்டு. அதில் பதினோராவதாக ஓர் இலை சேரும். அதை நிழல்வலைக்குக் கீழே சிறு தட்டுகளில் வளர்க்கிறோம். அடுத்த வரிசையில் சிவப்புப் பலகைத் தட்டுகள். அவற்றில் ஒன்றின் இளங்கன்று பார்வைக்கு இதைப் போலவே இருக்கும். அதன் பெயரை இங்கே எழுதமாட்டேன். இந்தத் தாள் யார் யார் கைக்குப் போகும் என்று தெரியாது, இந்த விஷயத்தில் பொறுப்பு வேண்டும்.

ஆடி மூன்றாம் தேதி மதியம் ஒன்றே காலுக்கு நான் அந்த இரண்டு பலகைகளையும் பிடுங்கி இடம் மாற்றி நட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இலை பறித்துக் கட்டுவது அந்த வாரம் நந்தனாவின் வேலை. ஒன்பது வருடமாக ஒருவர் கண்ணிலும் படாததைக் கண்டுபிடித்தவள் இதையும் கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தேன். அது ஒரு பரீட்சை, அவ்வளவுதான். கெட்டிக்காரி என்றால் பலகையைப் பார்க்காமல் செடியைப் பார்ப்பாள். தோற்றால் வயிற்றுப்போக்கு, வாந்தி என்று யாராவது புகார் சொல்வார்கள், அவளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தச் சிவப்புப் பலகையின் பின்பக்கம், சாப்பிட்டால் என்ன ஆகும் என்று எழுதிவைத்தது நான்தான். அதில் வயிற்றுப்போக்கு என்ற வார்த்தை இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு நந்தனா ஓர் இலையைக் கையில் பிடித்தபடி என் அறை வாசலில் வந்து நின்றாள். சொன்னபடியே தனியாகக் கேட்கத்தான் வந்திருந்தாள்.

“மேடம், இது அந்தச் செடிதானா? எனக்கு ஒறப்பா தெரியல. மணம் வேற மாதிரி இருக்கு.”

“போர்டுல என்ன எழுதியிருக்கு?”

“போர்டுல அந்தப் பேருதான்.”

“பின்ன என்ன சம்சயம்? இந்த போர்டும் தப்புன்னு சொல்லப்போறியா?”

அவள் முகம் சிவந்துவிட்டது. “ஐயோ, இல்ல மேடம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். நான் ரெஜிஸ்டரில் வருகையைக் குறித்துக்கொண்டிருந்தேன், தொடர்ந்து குறித்தேன். பரீட்சையில் அவள் தேறிவிட்டாளே என்று நீங்கள் கேட்கலாம். சந்தேகம் வேறு, நிச்சயம் வேறு. உண்மையில் தெரிந்தவள் என் வார்த்தைக்கு அடங்கியிருக்க மாட்டாள். இதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

அன்று மூன்று தனிக் கட்டுகள் போயின. ஒன்றை வாங்கிய வீட்டில் கசக்கிறது என்று கஞ்சியைக் கொட்டிவிட்டார்கள். இரண்டாவது வீட்டுப் பெண் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்துவிட்டாள். மூன்றாவது கட்டுக்குச் சுபிதா வந்தாள்.

சுபிதாவை உங்களுக்குப் போட்டோவில்தான் தெரியும். எனக்கு நான்கு வருடமாகத் தெரியும். இரணியல் ஸ்டேஷன் பக்கம் வீடு. கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் ஆடி, ஆவணி சீசனில் எங்களிடம் கூலிக்கு வந்தவள். நான் பலகை எழுதும்போது பக்கத்தில் குந்தியிருந்து பெயிண்ட் கலக்கித் தருவாள். இந்த வருடம் பிள்ளை பெற்றதால் வேலைக்கு வரவில்லை. கணவன் வினோஜின் பைக்கில் குழந்தையோடு வந்து இறங்கி, கட்டு வாங்க வரிசையில் நிற்காமல் நேராக என்னிடம் வந்தாள்.

“டீச்சரே, மோளப் பாத்தியளா? அம்பத்திரெண்டு நாளாச்சு. ஒங்களுக்குக் காட்டணும்னுதான் தூக்கிட்டு வந்தேன். செத்த பிடிங்க, நான் அந்தக் கெட்டு வாங்கிட்டு வாறேன். அத்தை சொல்லிவிட்டாவ, இங்க உள்ளதுன்னா நம்பிக் குடிக்கலாம்னு.”

குழந்தையை வாங்கிக்கொண்டேன். நல்ல கனம். நந்தனா கட்டை நீட்டினாள், சுபிதா அதைக் கூடைக்குள் வைத்தாள், ஒரு நேரத்துக்கு எவ்வளவு இலை போட வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். எல்லோருக்கும் சொல்வதையே அவளுக்கும் சொன்னேன்.

அந்த இடத்தில் நான் தடுத்திருக்கலாம். இதை மறைக்க விரும்பவில்லை. அந்தக் கட்டை வாங்கிப் பிரித்து அந்தப் பதினோராவது இலையை மட்டும் எடுத்துப் போட்டிருந்தால் முடிந்தது. ஆனால் ஏன் எடுக்கிறீர்கள் என்று நந்தனா கேட்பாள். பலகை மாறியிருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். தங்கையன் அங்கேதான் மண் சுமந்துகொண்டிருந்தான். ஒரே மாதத்தில் இரண்டாவது முறை, என் பலகை தப்பு என்று என் வாயாலேயே அத்தனை பேர் முன்னால் சொல்வதா? குழந்தையைத் திருப்பிக் கொடுத்தேன். மழைக்கு முன்னால் வீடு போய்ச் சேருங்கள் என்றேன்.

அவள் மறுநாள் மாலை இறந்தாள். சேதி வருவதற்கு முன்பே நான் பலகைகளைப் பழையபடி நட்டுவிட்டேன். நீங்கள் முதன்முதல் வந்தபோது எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. பறித்ததும் கட்டியதும் நந்தனா என்று ரெஜிஸ்டர் சொன்னது, நானும் சொன்னேன். அவள் ஜீப்பில் ஏறும்போது, “மேடம், நான் ஒங்ககிட்ட கேட்டேன்லா?” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிள்ளைகள் பயத்தில் ஏதேதோ சொல்லும் என்று உங்களிடம் சொன்னேன், நீங்கள் நம்பினீர்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் சுபிதாவின் குழந்தைக்காக ஜெபித்தார்கள். நானும் கண்களை மூடிக்கொண்டேன்.

நந்தனா தன் இன்டர்ன்ஷிப் ரிப்போர்ட்டுக்காக ஒவ்வொரு தட்டையும் பலகையோடு சேர்த்து தினமும் செல்போனில் போட்டோ எடுத்துவந்தாள் என்பது எனக்குத் தெரியாது. போன வாரம் அந்தப் படத்தோடு நீங்கள் வந்தீர்கள். நச்சுச் செடிக்கு மேல் பச்சைப் பலகை, அதில் என் கையெழுத்து. மறுநாள் பேப்பரிலும் அது வந்தது. மூலிகைத் தோட்டத்தில் தவறான பெயர்ப்பலகை, தாய் பலி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

நீங்கள் மரியாதையாகத்தான் பேசினீர்கள். “ஆனைக்கும் அடி சறுக்கும் மேடம். வயசாயிட்டு, கண்ணு தெரியாம மாத்தி நட்டிருப்பிய. கவனக்குறைவுன்னு ஒத்துக்கிடுங்க. அந்தப் பிள்ளை வெளிய வந்திரும், ஒங்களுக்கும் பெரிசா ஒண்ணும் வராது” என்றீர்கள். அந்த உதவிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் அதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சுபிதா இறந்த சேதி வந்தபோதுகூட அப்படி எரியவில்லை.

நேற்று ததேயுஸ் சார் புதிதாக மூன்று இன்டர்ன்களை எடுத்திருக்கிறார். ஆளுக்கு ஒரு நோட்டோடு தோட்டத்தைச் சுற்றி வந்து என் நானூற்றுப் பன்னிரண்டு பலகைகளையும் சரிபார்க்கிறார்கள். ஒன்றுக்கு முன்னால் நின்று ஒருத்தி இன்னொருத்தியிடம், “இத எழுதினவங்களுக்கு ஒண்ணும் தெரியாது போல” என்று சொன்னதை நானே கேட்டேன். அந்தப் பலகை சரியான பலகை.

ஆகவே எழுதிவிட்டேன். நந்தனாவை நீங்கள் விடலாம், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் அவளுக்காகத்தான் இதை எழுதினேன் என்று நீங்கள் வைத்துக்கொண்டாலும் சரி. நீங்கள் டைப் அடித்துக் கொடுத்த தாளில், மேற்படி பலகைகளைத் தவறுதலாக இடம் மாற்றிவிட்டேன் என்று ஒரு வரி இருக்கிறது. அதில் ‘தவறுதலாக’ என்பதை அடித்துவிட்டு, ‘தெரிந்தே’ என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இந்த இருபத்திரண்டு வருடத்தில் அந்தத் தோட்டத்தில் நான் தவறுதலாக எதையும் செய்ததில்லை.