ஆறும் படித்த மூன்று பேர்

அந்தக் காத்தாடி வேகத்தைக் கொஞ்சம் குறைங்கம்மா, பின்னால இருக்க நம்ம சபைச் சகோதரிகளுக்கும் கேக்கட்டும். இந்த இடத்துல ஒரு குட்டிக் கதை சொல்லாம எனக்குப் பேச்சு மேல ஓடாது.

என் பேத்தி ஜெனிலா நாகர்கோவில்ல செர்போ-குரோவேஷியன்னு ஒரு மொழி சொல்லிக் கொடுக்கா. நான் அந்தப் பேரைத் திக்காம சொன்னதுக்கே நீங்க கை தட்டியிருக்கணும்! குரோவேஷியாவுக்கு வேலைக்குப் போற பையன்மாருக்கு அந்த வகுப்பு. அங்கேயும் நம்மள மாதிரிதான், ஆளுக்குத் தக்க வினைச்சொல்லோட வால் மாறும். நான் செய்றேன்... ராதிம். நீ செய்ற... ராதிஷ். அவன் செய்றான்... ராதி. நாங்க ராதிமோ, நீங்க ராதிதே, அவங்க ராதே.

நாலு பேரு சேர்ந்தாங்க. மூணு பேரு ஆறையும் வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டாங்க. நாலாவது ஆளு செல்வதாஸ். முதல் நாள் 'ராதிம்' படிச்சான், மறுநாள் அம்மை போட்டுப் படுத்துட்டான். அத்தோட சரி.

குரோவேஷியா போனதும் நாலு பேருக்கும் ஒரே ஓட்டல் சமையக்கட்டு. ஒரு மாசம் சோதனை, நிரந்தர வேலை ஒருத்தனுக்குத்தான். செல்வதாஸுக்குப் பேசி வச்சிருந்த பொண்ணோட அப்பா கண்டிப்பாச் சொல்லிட்டாரு: "வேலை உறுதியாகட்டும் தம்பி, பிறகு கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்போம்."

ஒருநாள் பாத்திரம் கழுவுற தொட்டி அடைச்சு, கொழுப்பும் எலும்புமா தண்ணி தரையில பொங்குது. தலைமைச் சமையக்காரி வெஸ்னா இடுப்புல கைய வச்சுக்கிட்டு, "யாரு செய்றது இதை?"ன்னா.

முதல் ஆளு பக்கத்துல நின்னவனைக் காட்டி, "ராதி." அவன் செய்றான்! ரெண்டாவது ஆளு மரியாதைக்காரன்... அந்தம்மாவையே பாத்து, "ராதிதே." நீங்க செய்றீங்க! மூணாவது ஆளு அந்த ரெண்டு பேரையும் சேத்துக் காட்டி, "ராதே!" தப்பு உண்டா? நூத்துக்கு நூறு! தண்ணிதான் கணுக்காலுக்கு ஏறிடுச்சு.

செல்வதாஸ் நல்லவன்னு நான் சொல்ல வரல. அவனுக்கும் அடுத்தவனைக் கை காட்டத்தான் ஆசை... வார்த்தை தெரியணும்லா? "ஏ மக்கா, ஒரு வார்த்தை சொல்லிக் குடுங்கலே!"

"வகுப்புக்கு வந்திருக்கணும்லே!"

வேற வழி? "ராதிம்"னான். தோள் வரைக்கும் கையை விட்டு அடைப்பை எடுத்தான். மறுநாள் புகைக்கூண்டுல எண்ணெய்ப் பிசுக்கு. யாரு செய்றது? "ராதிம்." மாசம் முடிஞ்சுது. மூணு பேருக்கு ஊர் திரும்ப விமான டிக்கெட்டு... ஒருத்தனுக்கு வேலையும் கல்யாண ஓலையும்!

இப்ப அவன் அங்க மேற்பார்வை. ஜெனிலாகிட்ட போன்ல மிச்சம் அஞ்சையும் கேட்டுப் படிக்கிறானாம். அந்தச் சமையக்கட்டை ஆண்டவர்தான் காப்பாத்தணும்.

எதுக்குச் சொல்றேன்? நமக்கு ஆறும் தாய்ப்பால்லயே வந்தாச்சு தாயே. அவங்க பாத்துக்குவாங்க, நீங்க பாத்துக்கோங்க, அவ பாத்துக்குவா... பிசகாமச் சொல்லுவோம். 'நான்' மட்டும் தொண்டையிலயே நிக்கும். அந்த ஒண்ணைச் சொல்ற ஆளு வாற வரைக்கும், எந்த வேலையும் கிடந்து நாறத்தான் செய்யும்.

நேத்து சபை விருந்துல எல்லாரும் ருசிச்சுச் சாப்பிட்டோம். பின்பக்கம் அண்டா மூணும் கழுவாமக் கிடக்கு. இப்ப கேக்குறேன்... யாரு கழுவுறது?

ஏம்மா, எல்லாரும் எதுக்கு மூலையில இருக்க ஸ்டெல்லாவைப் பாக்குறீங்க?