சிகப்பாயி உண்ட முதற்கவளம்

விரோதி ஆண்டு, மாசி மாதம் ஒன்பதாம் நாள், புதன்கிழமை. வானத்தில் ஒரு துண்டு மேகமும் இல்லை. காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. காற்று புழுதியை வாரி இறைத்தது. கீழச்சுனையூரில் அன்று நடந்ததை, எங்கள் குடும்பத்தில் சொல்லி வந்தபடியே சொல்கிறேன், கேளுங்கள்.

சிகப்பாயி என்பவள் என் பாட்டனாரைப் பெற்றவள். இளவயதிலேயே கணவனை இழந்தவள். அந்த மாசிக்கு முந்திய ஐப்பசியில் மழை பொய்த்ததாம். கண்மாய் வறண்டது. கீரை வறண்டது. மூன்று வேளையும் வெறும் சோளக்கூழைக் குடித்ததில் ஊரார் வாயெல்லாம் புண் என்பார்கள். சிகப்பாயி தன் பிறந்த ஊருக்குப் போய், மணத்தக்காளிப் பழங்களை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். பழத்தைப் பிசைந்தாள், விதையைச் சாம்பலில் புரட்டினாள், கிணற்று வாய்க்கால் ஓரத்தில் தூவினாள். செடி முழங்கால் உயரம் வளர்ந்தது. கீரையைக் கடைந்து உண்டவர்களுக்குப் புண் ஆறியது. ஊரே அவளைக் கையெடுத்துக் கும்பிட்டதாம்.

அந்தப் புதன்கிழமை காலையில், நான்கு பிள்ளைகள் பழுக்காத பச்சைக் காயை மடி நிறையப் பறித்துத் தின்றுவிட்டன. உச்சிப்பொழுதுக்குள் நான்குக்கும் வாந்தி. கும்பிட்ட ஊரே, பொதுத் திடலான மந்தையில் கூடிவிட்டது.

ஊர்த்தலைவர் ஆண்டியப்ப அம்பலம் எழுந்து நின்று சொன்னாராம்: “ஏத்தா சிகப்பாயி, ஊருக்குள்ள நஞ்ச நட்டு வச்சிருக்கியே. செடியப் புடுங்கி எரிச்சிட்டு, நீயும் பொழுது சாயுறதுக்குள்ள ஒங்க ஆத்தா ஊருக்குப் போயிரு.”

காத்தாயி என்பவள் தன் மகனை மடியில் கிடத்தியிருந்தாள். “இவ குடுத்த கீரைய நம்பித்தான எம்புள்ள காயிலயும் வாய வச்சான்? இப்பக் கண்ணு சொருகிக் கெடக்கான்” என்றாளாம்.

சிகப்பாயி அழவில்லை என்பார்கள். “செடி மேல தப்பில்ல அம்பலாரே. காய வேகவைக்காமத் திங்கக் கூடாதுன்னு பொம்பளைககிட்டச் சொன்னேன், புள்ளைககிட்டச் சொல்லல. அது எந்தப்பு. என்னைய அனுப்புங்க, செடிய விட்டுருங்க. போறதுக்கு முன்ன ஒரு சட்டிக் கொழம்பு மட்டும் வச்சுக்கிறேன்.”

“போற அன்னைக்கும் இவளுக்கு நாக்குக் கேக்குது பாரு” என்று ஒருவன் சொல்ல, கூட்டம் சிரித்ததாம்.

பிள்ளைகள் பறித்த அதே செடியில் பச்சைக் காயைப் பறித்தாள். மந்தையிலேயே அடுப்பு மூட்டினாள். ஒருமுறை வேகவைத்து நீரை வடித்தாள். மறுமுறை வேகவைத்து நீரை வடித்தாள். அதன் பிறகே புளியும் மிளகாயும் சேர்த்தாள். உப்புக்கு அம்பலகாரர் வீட்டில் கேட்டு வாங்கினாள். மற்றவர்கள் உண்டபின் சமைத்தவள் உண்பதே அங்கு வழக்கம். அவளோ எல்லாருக்கும் முன்னால் கூழில் குழம்பை ஊற்றி, முதற்கவளத்தை எடுத்து உண்டாள்.

“பொழுது சாயுற மட்டும் இங்கனயே இருக்கேன். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா செடிய எரிச்சிருங்க.”

“உப்பு, ஒறப்பெல்லாம் எப்படித்தா?” என்று அம்பலம் குத்தலாகக் கேட்டார்.

“ஒறப்பு சரியா இருக்கு. உப்புத்தான் கம்மி. ஒங்க வீட்டுல அளந்து குடுத்தது.”

சிரித்தவர்கள் இம்முறை அம்பலத்தைப் பார்த்துச் சிரித்தார்களாம்.

காத்தாயி மட்டும் சிகப்பாயியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெயில் இறங்கியது. சிகப்பாயிக்கு ஒன்றும் ஆகவில்லை. மடியில் கிடந்த மகன் மெல்ல எழுந்து உட்கார்ந்து, “பசிக்குது” என்றான். காத்தாயி சட்டியை இழுத்து, மகனுக்கு ஊட்டுமுன் தான் ஒரு கவளம் உண்டாள். இரண்டாம் கவளம் அவளுடையது என்பார்கள். அதன் பிறகு சட்டியை ஊரே வழித்தது. அம்பலத்துக்கு அடிச்சட்டிதான் கிடைத்ததாம்.

செடியை யாரும் பிடுங்கவில்லை. மற்ற மூன்று பிள்ளைகளும் மறுநாள் தேறின. சிகப்பாயி அவ்வூரிலேயே மேலும் இருபத்தாறு ஆண்டுகள் வாழ்ந்து இறந்தாள். இன்றும் கீழச்சுனையூரில் மற்ற நாள்களில் சமைத்தவள் கடைசியில்தான் உண்கிறாள். மணத்தக்காளிக் குழம்பு வைக்கும் நாளில் மட்டும் சமைத்தவள் முதலில் உண்பாள். அவள் உண்ட பிறகே மற்றவர்களுக்கு இலை விழும். அதற்குச் சிகப்பாயி கவளம் என்று பெயர். அம்பலகாரர் வீட்டிலும் அப்படித்தான்.