துணைக்கு யாரைக் கூப்பிடுவது

விராலிமலையிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். மூத்தவர், வீட்டில் அடிபடும் பெண்களுக்குத் துணை நிற்கும் மையத்தில் வேலை பார்ப்பவர். பேச்சிலிருந்து அது தெரிந்தது.

"கேஸ் குடுத்தா தாலியக் கழட்டணுமாக்கா?" என்று இளையவள் கேட்டாள்.

"யாரும் கழட்டச் சொல்ல மாட்டாங்க. அடி நிக்கணும், அதுக்குத்தான் போறோம். சேந்து இருக்கறதா வேணாமான்னு நீங்க மெதுவா யோசிங்க. துணைக்கு அம்மாவ வரச் சொல்லவா?"

"வேணாக்கா. அம்மா பொறுத்துப் போன்னுதான் சொல்லும். மாமியார வரச் சொல்லுங்க."

"அவரோட அம்மாவையா?"

"ஆமாக்கா. நேத்து குறுக்க விழுந்து அவுகளும் அடி வாங்குனாக. அவுகள அங்க விட்டுட்டு வந்துட்டேன்."

மூத்தவர் போனை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"நீங்களே பேசுங்க. இப்பவே கெளம்பி வரச் சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டுல காத்திருப்போம்."