அப்பா கடிக்கிறேன், கேக்குதா?

அக்டோபர் மாதம், வெயில் தணிந்த ஒரு சாயங்காலம். வளைகுடாவில், சத்வா பஸ் ஸ்டாப்பில் எனக்கு முன்னால் நின்றவர் செல்போனில் சொன்னார்: "அப்பா கடிக்கிறேன், சத்தம் கேக்குதா பாரு."

கையிலிருந்த ஆப்பிளை நறுக்கென்று கடித்தார்.

பக்கத்தில் நின்ற அவர் நண்பர் கேட்டார்: "யாருண்ணே, ஊர்லேர்ந்தா?"

"மவ. காய்ச்சல் விட்டும் எதையும் வாயில வைக்க மாட்டேங்குறா. ஆப்பிள் சீசனாச்சே, உடம்புக்கு நல்லதுன்னு அவ அம்மா வாங்கிக் குடுத்திருக்கா. அப்பா தின்னாத்தான் நானும் தின்பேங்குறா."

மறுபடி போனில், "இப்ப நீ கடி, கண்ணு. அப்பா கேட்டுக்கிட்டே இருக்கேன்."

பஸ் வந்தது. வரிசை நகர்ந்தது. அவர் மட்டும் போனைக் காதோடு அழுத்தியபடி அசையாமல் நின்றார்.

"அண்ணே, பஸ்ஸு," என்றார் நண்பர்.

"நீ போப்பா," என்றார் அவர் மெல்ல. "மென்னுக்கிட்டு இருக்கா."