அச்சிட்ட வழிகாட்டியை நிறுத்திய டாக்டர் ஞானஜோதி அவர்களுக்கு

அன்புக்கும் அறிவுக்கும் அணியாய் அமைந்தவரே! தாம்பரம் பெற்ற தகைமையே! முப்பத்தோராண்டுகள் முகம் சுளிக்காமலும், சில நாட்கள் நன்றாகவே சுளித்தும், நோயாளிகளின் நலம் நாடிய நுண்ணறிவே! எங்கள் மருத்துவமனை ஆய்வுப் பிரிவிலிருந்து இன்று ஓய்வு பெறும் தலைவரே! வணக்கம்.

இதற்கு மேல் உங்களை நேருக்கு நேர் புகழ்ந்தால் பாதியிலேயே எழுந்து மைக்கை வாங்கிக்கொள்வீர்கள். ஆகவே இனி 'அவர்' என்றே எழுதுகிறோம். யாரோ ஒரு ஞானஜோதியின் கதை என்று நினைத்துக்கொண்டு தயவுசெய்து உட்கார்ந்திருங்கள்.

அந்த ஞானஜோதி மூன்றாண்டு உழைத்து ஓர் ஆய்வு நடத்தினார். ரத்த அழுத்தத்துக்கு எவ்வளவு மருந்தில் தொடங்குவது, எப்போது கூட்டுவது என்று நம் பக்கத்து டாக்டர்களுக்குச் சொல்லும் வழிகாட்டி ஒன்றைத் தயாரிக்கத்தான் அந்த ஆய்வு. பெருங்களத்தூரில் கிளினிக் வைத்திருப்பவர் ஒரு மாலையில் அறுபது பேரைப் பார்க்கிறார்; தடித்த புத்தகத்தைப் புரட்ட அவருக்கு ஏது நேரம்? எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார் ஞானஜோதி. அறுநூற்று நாற்பது நோயாளிகள் வந்து போனார்கள். முடிவும் பளிச்சென்று கிடைத்தது: பெரும்பாலானவர்களுக்கு ஒரு மாத்திரை போதாது, சீக்கிரமே அளவைக் கூட்டுங்கள். பக்கம் அச்சாகி வந்தது. வெளியீட்டு விழாவுக்கு எண்பது டாக்டர்களை அழைத்தாயிற்று.

விழாவுக்கு நான்கு நாள் இருந்தது. ஆய்வில் இருந்த பச்சையம்மா, பெரும்பாக்கம் குடியிருப்பின் படிக்கட்டில் தலை சுற்றி விழுந்தார். நெற்றியில் ஆறு தையல். போன மாதம் நூற்றெழுபது காட்டிய அவருடைய அழுத்தம் அன்று தொண்ணூறில் இருந்தது. அந்த நூற்றெழுபதைப் பார்த்து மருந்தைக் கூட்டச் சொன்னவர் ஞானஜோதிதானே? கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆய்வுக்கு வரும் நாட்களில் காலையில் என்னவெல்லாம் செய்வீர்கள் என்று கேட்டார்.

"இன்னா செய்வேன்? சக்கரை டெஸ்டுக்கு வெறும் வயித்தோட வரச் சொல்றீங்க. பல்ல வெளக்கிகினு பஸ் ஏறி வந்துர்றேன்."

"பிரஷர் மாத்திரை?"

"வெறும் வயித்துல மாத்திரை போட்டா கொடலு வெந்துபூடாதா டாக்டரம்மா? மத்த நாளெல்லாம் டிபன் துன்னுட்டு கரீட்டா போட்டுக்கினுதான் கீறேன். டெஸ்டு அன்னிக்கு வூட்டுக்குப் போயிதான் போடுவேன்."

நோயாளிகள் இரண்டு முறை பஸ் ஏறி அலையக் கூடாது என்று, சர்க்கரைப் பரிசோதனையையும் அழுத்தம் பார்ப்பதையும் ஒரே காலையில் வைத்தவர் ஞானஜோதிதான். மாத்திரை போடாத நேரம் பார்த்து அழுத்தத்தை அளந்துவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டியிருக்கிறார்.

ஆய்வுச் செவிலியர் ஜெனி இரண்டு நாள் உட்கார்ந்து எல்லோருக்கும் போன் போட்டார். நானூற்றுப் பதினோரு பேர் பச்சையம்மா சொன்னதையே சொன்னார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொல்லும் சீட்டைக் கையில் கொடுத்தது தான்தானே என்று ஜெனி விசும்பினார். "சீட்டை எழுதினது நான். நீ ஏம்மா அழற?" என்றார் ஞானஜோதி.

புள்ளிவிவரம் பார்க்கும் மெர்வினுக்கு மனசே இல்லை. "மேடம், மூணு வருஷ வேலை. அடியில சின்னதா ஒரு குறிப்பு போட்டு ரிலீஸ் பண்ணிடலாமே?"

"அடிக்குறிப்பை யாருப்பா படிப்பாங்க? அந்தம்மா விழுந்தது படிக்கட்டுல. இந்தப் பேப்பர் வெளிய போனா இன்னும் எத்தனை பேர் விழுவாங்க?"

விழா நடந்தது. எண்பது டாக்டர்கள் முன்னால் ஞானஜோதி எழுந்து நின்றார். "நான் தப்பா அளந்துட்டேன். இந்தப் பக்கத்தை வெளியிடல. இதை நம்பி யாரும் மருந்தைக் கூட்டிடாதீங்க." கடைசி வரிசையில் ஒரு பெருங்களத்தூர் டாக்டர் எழுந்தார். "மேடம், என் கிளினிக்லயும் இந்தக் கூத்துதான் நடந்துக்கிட்டிருக்கும். மறுபடி பண்ணுங்க. என் பேஷன்ட்ஸையும் அனுப்பறேன்." கைதட்டல் அப்போது தொடங்கியது. அன்று நாங்கள் அழுதோம் என்று சொல்வதில் எங்களுக்கு வெட்கமில்லை.

மறுபடி இரண்டாண்டு. இம்முறை சர்க்கரைக்கு ஒரு நாள், அழுத்தத்துக்கு வேறு நாள். இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டு, உட்கார்ந்து இளைப்பாறிய பிறகே அளந்தார்கள். ஆயிரத்து இருநூறு பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு மாத்திரையே போதுமானதாக இருந்தது! புதிய பக்கத்தின் முதல் வரி இது: "மருந்தைக் கூட்டுமுன், இன்று மாத்திரை போட்டீர்களா என்று கேளுங்கள்." இன்று தாம்பரம் தொடங்கித் திருமுடிவாக்கம் வரை முந்நூறு டாக்டர்களின் மேசைக் கண்ணாடிக்கடியில் இருக்கிறது அந்தப் பக்கம். தலை நிமிர்ந்து சொல்கிறோம், இது வெற்றி! தன் தவறைத் தானே சபையில் சொன்னவர் ஈட்டிய வெற்றி!

எங்கள் டாக்டரம்மா! தங்கள் அழுத்தம் என்றும் நூற்றிருபதைத் தாண்டாதிருக்கட்டும். உறக்கம் ஒழுங்காக வரட்டும். பேரப்பிள்ளைகள் மட்டுமே தங்களைப் பாடாய்ப் படுத்தட்டும்.

ஆய்வில் நோயாளியின் பெயரை எழுதும் வழக்கமில்லை, எண்தான். பச்சையம்மா எங்கள் ஏட்டில் நூற்றுப் பதினேழு. நேற்று இந்த மடலில் கையெழுத்திட நாங்கள் கூடியபோது அவர் வந்து நின்றார். "நம்பர்லாம் வாணாம். எம்பேரப் போட்டே படிங்க. அந்தம்மா மட்டும் அன்னிக்கு கேக்காம வுட்டிருந்தா, இந்நேரம் நான் போய்ச் சேந்திருப்பேன்" என்று பேனாவை வாங்கிக்கொண்டார்.

இப்படிக்கு,
பச்சையம்மா, பெரும்பாக்கம்
மற்றும் ஆய்வுப் பிரிவுப் பணியாளர்கள்