மூன்று வார்த்தை

தமிழிலேயே எழுதித் தரலாம் என்று நீங்கள் சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று. இந்தி பேசுவேன், மராத்தி புரியும். எழுத்து என்று வந்தது தமிழ் மட்டும்தான், அதுவும் நாற்பத்து நாலு வயதுக்கு மேல். ழகரமும் ளகரமும் இன்னும் இடம் மாறி விழும். இதை மராத்தியில் மாற்றி எழுத ஒரு ஆள் இருக்கிறார் என்றீர்கள். அவருக்கு எந்த ஊர் என்று கேட்க நினைத்தேன். பிறகு, எதற்கு என்று விட்டுவிட்டேன்.

என் பெயர் வெயிலுமுத்து. குடியிருப்பு தாராவி. இருபத்திரண்டு வருஷம் தாதர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். முதுகில் வட்டு நழுவிய பிறகு ஒரு காண்டிராக்டர் என்னைச் செம்பூரில் முன்னாள் ராணுவத்தாருக்கான கிளினிக்கில் சேர்த்துவிட்டார். ஒன்பது வருஷமாகத் தரை துடைப்பதும் டோக்கன் கொடுப்பதும் நான்தான். சக்கர நாற்காலி தள்ளுவது, மூத்திரக் குப்பிக்குப் பெயர் ஒட்டுவது எல்லாமே என் தலையில்தான். சம்பளச் சீட்டில் மட்டும் ஸ்வீப்பர் என்று இருக்கும்.

பதினேழு வருஷம் துப்பாக்கி தூக்கியவனுக்கு ஆயுள் முழுக்க டாக்டர் உண்டு. அதைவிட ஐந்து வருஷம் கூடுதலாக வெங்காய மூட்டை தூக்கியவன் அந்த மருந்து அலமாரியிலிருந்து ஒரு வலிக்களிம்பு எடுக்கக் கூடாது. குறையாகச் சொல்லவில்லை, சட்டம் அப்படி. சண்டையைப் பார்த்தவர்கள் அங்கே ஒன்றிரண்டு பேர் உண்டு. அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள், டோக்கனை வாங்கிக்கொண்டு மூலையில் உட்காருவார்கள். லங்கர் சமையல்கட்டில் உருளைக்கிழங்கு உரித்தவர்கள்தான் ஃபேனுக்கு அடியில் நாற்காலி பிடித்து எல்லையைக் காத்துக்கொண்டிருப்பார்கள். மலச்சிக்கலைக்கூட நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவார்கள்.

டாக்டர் சாய்நாத் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் நேரம் வேண்டும். பகல் ஒரு மணிக்குள் தொண்ணூறு டோக்கன் பார்க்க வேண்டியவர். கண் கம்ப்யூட்டரில் இருக்கும், கை மட்டும் நோயாளியின் நாடியில் இருக்கும். சில நாள் நாடி தவறி, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

ராணுவத்தாருக்கு இந்தி தெரியும். ஊரிலிருந்து வந்து மகன் வீட்டில் இருக்கிற அவர்கள் பெண்டாட்டிகளுக்குத் தெரியாது. ஒரு நாள் ஒரு கிழவி உள்ளே போய் அரை மணி நேரமாகியும் வெளியே வரவில்லை. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "தீன் ஷப்த் மே போல், முத்து," என்றார். அதாவது மூன்று வார்த்தையில் சொல்ல வேண்டும். கிழவி மருமகள் முகம் கொடுக்காததில் தொடங்கி, கோயில் கொடைக்குப் போக முடியாததைச் சொல்லி, லிஃப்ட் வேலை செய்யாததில் முடித்தாள். நான் "குட்னா, தர்த், புரானா" என்றேன். முழங்கால், வலி, பழசு. டாக்டர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஆறு வருஷத்தில் அவர் என் முகத்தைப் பார்த்தது அன்றுதான். "நீ பாதி டாக்டர்," என்றார். கிழவி போகும்போது டாக்டரை விட்டுவிட்டு எனக்குக் கும்பிடு போட்டாள்.

அதிலிருந்து அது என் வேலை ஆனது. என் அளவுக்குச் சுருக்கத் தெரிந்தவன் இந்த பம்பாயில் இல்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். தாராவியில் தமிழ்ச் சங்க ஆபீசில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில்தான் எழுத்துப் படித்தேன். கை ஓட வேண்டுமானால் பகலில் காதில் விழுந்ததைச் சாயங்காலம் பத்து வரி அப்படியே எழுதிப் பழகச் சொன்னார்கள். எனக்குக் காதில் விழுவது நோயாளிகள் பேச்சு. டாக்டரிடம் மூன்று வார்த்தை, நோட்டில் முழுசும். என் வீட்டிலிருந்து நீங்கள் எடுத்துப்போன நீல அட்டை நோட்டு அதுதான்.

ஹவில்தார் பிரம்மநாயகம் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆனால் என்னிடம் தமிழில் பேச மாட்டார். டீ வேண்டுமென்றாலும் இந்தியில்தான் ஆர்டர் போடுவார். நான் எழுதப் பழகிய புதிதில், தமிழ்க்காரர்கள் பெயரை மட்டும் டோக்கன் பலகையில் தமிழில் எழுதி வைத்தேன். அதை நின்று படித்துவிட்டு, ஹால் முழுக்கக் கேட்கும்படி அவர் சொன்னார்:

"ஏலே, பிரம்மநாயகத்துக்கு நடுவுல உள்ள 'ம்' எங்கல? தின்னுட்டியா? உனக்கெல்லாம் பேனா எதுக்கு, தொடப்பத்தப் புடில."

தமிழ் தெரியாதவர்களும் சிரித்தார்கள். அவர் என்னிடம் பேசிய முதல் தமிழ் அது. இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. எழுதி மட்டும் வைத்தேன், நோட்டில் நாலாம் பக்கம்.

வீட்டு நிலவரத்தையும் எழுதச் சொன்னீர்கள். மனைவி இசக்கிசெல்வி இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழைக்காலத்தில் இறந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது. ஒரு மணிக்கு ஹால் காலியாகிவிடும் என்று அவளைக் கிளினிக்குக்கு அழைத்து வந்தேன். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிவிட்டார். மாத்திரை வாங்க நின்ற பிரம்மநாயகம் வாசலில் வந்து நின்றார்.

"கார்டு இருக்கா?"

"இல்ல சார். ஒரு நிமிசம் நெஞ்ச மட்டும் பாக்கட்டும்."

"இது சோல்ஜருக்கு உள்ள எடம்ல. கூலிக்காரன் பொண்டாட்டிக்கெல்லாம் பாத்தா நாளைக்கு ஆடிட்ல எவன் பதில் சொல்லுவான்? முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரி எதுக்கு இருக்கு?"

பிறகு டாக்டரிடம் அதையே இந்தியில் சொன்னார். மேலே புகார் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "ரூல் ஹை, முத்து," என்றார். இசக்கிசெல்வி சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, "வாங்க போவோம், எனக்கு ஒண்ணுஞ் செய்யல," என்றாள். முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுக்க ஆறாவது வாரம் திங்கட்கிழமைக்குத் தேதி கொடுத்தார்கள். ஐந்தாவது வாரம் சனிக்கிழமை அவள் போய்விட்டாள். கேட்டதால் எழுதினேன். இதையும் அதையும் முடிச்சுப் போட வேண்டாம்.

இந்த ஜனவரியில் பிரம்மநாயகம், மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்து, பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்து வந்தார். வலது கை கொஞ்சம் தளர்ந்திருந்தது. முப்பது வருஷமாகச் சேர்த்த இந்தி மட்டும் துடைத்ததுபோல் போய்விட்டது. பட்டாளத்துக்குப் போகுமுன் பேசிய தமிழ்தான் மிஞ்சியது. "கைசே ஹோ, ஹவில்தார் சாப்?" என்று டாக்டர் நலம் விசாரித்தால், தாணேயில் இறங்க வேண்டியவன் கல்யாண் வரைக்கும் தூங்கிவிட்ட மாதிரி முழிப்பார்.

மகன் மாரிக்கண்ணனுக்குத் தாணேயில் ஆபீஸ். திங்கட்கிழமை தோறும் அப்பாவை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு ரயிலுக்கு ஓடுவார். "அண்ணாச்சி, நீங்க இருக்கியன்னுதான் தைரியமா விட்டுட்டுப் போறேன்," என்பார். நல்ல பையன். என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்ட ஒரே ஆள்.

ரத்தம் உறையாமல் இருக்க பிரம்மநாயகத்துக்கு ஒரு மாத்திரை எழுதியிருந்தது. டாக்டர் அதைப் பற்றி என் மூலமாக எச்சரித்தார். கீழே விழக் கூடாது, தலையில் அடி படக் கூடாது, பட்டால் அன்றைக்கே சொல்ல வேண்டும், உள்ளே ரத்தம் கசியும். அதை நான் அவரிடம் சுருக்காமல் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

மார்ச் முதல் திங்கள், என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னார்.

"முத்து, நேத்து பாத்ரூம்ல வழுக்கிட்டு. செவுத்துல மண்ட இடிச்சிட்டு. மவன்ட்ட சொல்லிராத, என்ன. மருமவ அப்புறம் என்னைய ரூம விட்டு எறங்க விடமாட்டா. டாக்டர்ட்ட மட்டும் சொல்லு."

"சொல்லுதேன் சார்."

டாக்டர் பிரஷர் பார்த்தார். "க்யா போல்தா ஹை?" என்றார், என்ன சொல்கிறான் என்று.

"சக்கர், கமஜோரி, கேஸ்," என்றேன்.

தலைச்சுற்றல், அசதி, வாயு. இந்த மூன்றைச் சொன்னால் டாக்டரின் கை தானாக வைட்டமின் மாத்திரை எழுதும். எழுதிற்று.

இரண்டாம் வாரம், காலையில் எழுந்ததும் மண்டை பிளக்கிறது என்றார். மூன்றாம் வாரம், வாந்தி வருகிறது, கரண்டி கையில் நிற்கவில்லை என்றார். நான் வார்த்தையை மாற்றவில்லை. எதையும் அடிக்கடி மாற்றினால் டாக்டருக்குக் குழப்பம் வரும். நாலாம் வாரம் பாதி நேரம் தூக்கம். என்னைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். பெஞ்சில் உட்கார்ந்து என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்து, "இங்கதான் தம்பி, இங்கதான் வலிக்கி," என்றார். நான் கையை அங்கேயே வைத்திருந்தேன். வெடுக்கென்று எடுப்பது மரியாதையில்லை.

ஐந்தாம் வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"டாக்டர்ட்ட சொன்னியா தம்பி, நான் விழுந்தத?"

"சொன்னேன் சார்."

"என்ன சொன்னாரு?"

"சரியாயிரும்னாரு."

"சொன்னா சரிதான். நீ இல்லேன்னா நான் ஊமைல்லா."

அந்த சனிக்கிழமை சாயங்காலம் நினைவு தப்பி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் முடிந்துபோனார். தலைக்குள் பழைய ரத்தமும் புது ரத்தமும் தேங்கியிருந்ததாம், பல வாரத்துக் கசிவாம். முதல் வாரமே படம் எடுத்திருந்தால் சின்னத் துளை போட்டு எடுத்திருக்கலாமாம். இதைப் பிறகு நீங்கள் சொல்லித்தான் தெரியும் என்று எழுதியிருப்பேன். ஆனால் நோட்டில் டாக்டரின் எச்சரிக்கையை நானே எழுதி வைத்திருக்கிறேன், நீங்கள் படித்திருப்பீர்கள்.

சடலத்தைத் தூக்குகிற நாளன்று போயிருந்தேன். மாரிக்கண்ணன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அப்பா பேசினத காது குடுத்துக் கேட்டது நீங்க ஒருத்தர்தான் அண்ணாச்சி," என்றார். உண்மை. நான் ஒருவன்தான் கேட்டேன். அப்பாவின் பட்டாளத்து ஸ்வெட்டரைக் கொடுத்தார். பம்பாயில் அதைப் போட்டுக்கொண்டு எங்கே போவது. வாங்கி வைத்திருக்கிறேன்.

அப்புறம் அவர் டாக்டர் மேல் புகார் கொடுத்தார். டாக்டரோ, முத்து இப்படித்தான் சொன்னான் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார். அதுவும் உண்மைதான். பத்து வருஷம் படித்து டாக்டரானவர், ஒரு ஸ்வீப்பரின் மூன்று வார்த்தைக்குப் பின்னால் ஒளிகிறார். ஒளியட்டும். 'வலி' என்று ஒரு தமிழ்ச் சொல்லைக் கற்றுக்கொள்ள அவருக்கு நேரமில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் தலையைத் தொட்டுத் தொட்டுக் காட்டியதைப் பார்க்க எந்த பாஷையும் வேண்டியதில்லை.

நேற்று நீங்கள் நேரடியாகக் கேட்டீர்கள், வேண்டுமென்றே சொல்லாமல் விட்டாயா என்று. நான் யாரையும் தொட்டதில்லை. என் கை அவர் மேல் பட்டதெல்லாம் தாங்கிப் பிடிக்கும்போதுதான். சுருக்கச் சொன்னார்கள், சுருக்கினேன்.

ஒரே ஒரு நாள் மட்டும் அதில் ஒரு வார்த்தை கூடிவிட்டது. அதை மறைக்கவில்லை. மூன்றாம் வாரம் டாக்டருக்கு என்ன தோன்றியதோ, கம்ப்யூட்டரிலிருந்து திரும்பி, "கிரா தோ நஹி?" என்று கேட்டார். விழவில்லையே என்று. விழுந்தவர் எதிரே உட்கார்ந்திருக்க என்னைத்தான் கேட்டார். "நஹி, சாப்," என்றேன். பிரம்மநாயகம் என் முகத்தையும் டாக்டர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, சொல்லியாகிவிட்டது என்று நினைத்துத் தலையை ஆட்டினார்.

ஆம், வேண்டுமென்றுதான். ஆனால் முழுசாகச் சொல்ல மாட்டேன் என்று இருந்ததில்லை. ஆறாவது வாரம் திங்கட்கிழமை எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்வதாக இருந்தேன். தேதி போட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன், பாருங்கள். அதுவரை இருக்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதற்கு நான் பொறுப்பில்லை. தேதி என்றால் காத்திருக்கத்தான் வேண்டும், எல்லாரும் காத்திருக்கிறார்கள்.

கடைசியாக, இதை மராத்தியில் மாற்றப் போகிறவருக்கு. ஐயா, பக்கம் கூடுதலாக இருக்கிறதே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். ஐந்து நாள் உட்கார்ந்து எழுதியது. பெரிய அதிகாரிக்கு நேரம் இருக்காது, என்னதான் சொல்கிறான் என்று உங்களைக் கேட்பார். ஒரு வரி விடாமல் அவரிடம் சொல்லுங்கள். நடுவில் நிற்கிற ஆள் முழுங்கிவிட்டால், அந்தப் பக்கம் இருக்கிறவன் கதி என்ன ஆவது.