தொட்டுக் கும்பிட்ட பாறை

மார்க்கம் வீதிப் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

“நான் கும்பிட்டதாலதான் அந்தப் பிள்ளை அழுதது,” என்றார் ஜன்னலோரம் இருந்த மூத்தவர்.

“எந்தப் பிள்ளை அக்கா?”

“பாறை ஓவியம் பாக்கப் போனமெல்லே, அங்க எங்களைக் கூட்டிக்கொண்டு போன பூர்வகுடிப் பிள்ளை. இது தங்கட கோயில் மாதிரி எண்டு சொன்னது. நான் உடன அந்தச் சிவப்பு மானைத் தொட்டுக் கண்ணில ஒத்திப்போட்டன். கை பட்டா அழிஞ்சுபோகுமாம்.”

“பக்தியிலதானே தொட்டனீங்கள்.”

“எங்கட கோயில்ல மூலஸ்தானத்துக்குள்ள போய்ச் சாமியைத் தொடுவமோ?”

மூத்தவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அவரே மெதுவாகச் சொன்னார்.

“ஐயரெண்டாலும் குளிச்சுப்போட்டுத்தான் தொடுவார். நான் மிக்சர் சாப்பிட்ட கையாலயெல்லே தொட்டனான்.”